வெப்லியின் ஆறு பதிப்புகள்

துப்பாக்கியைப் பற்றி எழுதத் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் இலக்கியம் சார்ந்ததுதான். ஆங்கிலேயர் காலத்தைக் களமாகக் கொண்ட தமிழ் நாவல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல் நேர்வதுண்டு. கலெக்டர் துரையின் இடுப்பில் இருப்பதும் ரிவால்வர். ஜமீன்தாரின் மேசை இழுப்பறையில் கிடப்பதும் ரிவால்வர். புரட்சிக்காரன் வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு ரயிலேறுவதும் ரிவால்வர். உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஒருவரை எழுதும்போது அவருடைய மாட்டின் சுழி, கொம்பின் வளைவு, அவர் விதைக்கும் நெல்லின் வகை ஆகியவற்றையெல்லாம் விசாரித்தறிந்து எழுதும் ஆசிரியர், கதையின் திருப்பத்தையே நிகழ்த்தப்போகும் பொருளை மட்டும் ஒற்றைச் சொல்லில் கடந்துபோகிறார். 1890இல் ஒரு படையதிகாரி தூக்கிய துப்பாக்கியும் 1940இல் அவருடைய பேரன் தூக்கிய துப்பாக்கியும் ஒன்றல்ல. அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பொறியியலைவிட அரசியலைச் சார்ந்தது என்பதே இங்கு நான் சொல்ல விரும்புவது.

பர்மிங்காம் நகரத்து வெப்லி நிறுவனம் செய்த ரிவால்வரைப் பிரிட்டிஷ் அரசு தன் படைகளுக்கு அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1887இல். தமிழ் படித்தவர்களுக்கு அந்த ஆண்டு வேறொரு காரணத்தால் நினைவிலிருக்கும்: உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்த ஆண்டு அது. வெப்லியின் இரண்டாம் வடிவம் வந்தது 1894இல். ஐயரின் புறநானூற்றுப் பதிப்பும் அதே ஆண்டு. தற்செயல்தான். ஆயினும் இந்தத் தற்செயலிலிருந்து எனக்கு ஒரு வழி கிடைத்தது. ஒரு துப்பாக்கியின் அடுத்தடுத்த வடிவங்களை, ஒரு நூலின் அடுத்தடுத்த பதிப்புகளைப் போலப் படிக்கலாம். எந்தச் சொல் மாறியது, யார் பொருட்டு மாறியது என்று பாடபேதம் பார்ப்பவன் கேட்கும் கேள்விகளை இரும்பிடமும் கேட்கலாம்.

மார்க் 1 தொடங்கி மார்க் 6 வரை ஆறு பதிப்புகள்: 1887, 1894, 1897, 1899, 1913, 1915. ஆறிலும் அடிப்படை ஒன்றே. ஆறு தோட்டாக்கள் கொள்ளும் சுழலும் உருளை. அதன் மேலுள்ள கொக்கியை விடுவித்தால் துப்பாக்கி நடுவில் முறிந்து குழல் கீழே சாயும். சாயும்போதே சுட்டு முடித்த வெற்றுக்கூடுகள் ஆறும் ஒரே உந்தலில் வெளியே விழும். இதற்கு முன் 1880இலும் 1882இலும் அரசு ஏற்றிருந்த என்ஃபீல்டு ரிவால்வரில் கூடுகளை வெளியேற்றும் ஏற்பாடு கோளாறானது. அதை ஒதுக்கிவிட்டுத்தான் வெப்லிக்கு வந்தார்கள். முதல் நான்கு வடிவங்களுக்கு இடையிலான மாற்றங்கள் பெரும்பாலும் எஃகின் தரம், உருளையின் பிணைப்பு, சுத்தியலின் உருவம் ஆகியவற்றைச் சார்ந்த சிறு திருத்தங்கள். கரிமருந்துக்குப் பதிலாகப் புகையற்ற கார்டைட் மருந்து வந்துவிட்டதால் ஐந்தாம் வடிவத்தில் உருளையைச் சற்றுத் தடிமனாக்கினார்கள். முதல் உலகப்போரின் நடுவில் வந்த ஆறாம் வடிவத்தில் குழல் ஆறு அங்குலமாக நீண்டது. பறவையின் தலைபோல் உருண்டிருந்த கைப்பிடி சதுரமானது. வெற்று எடை ஒரு கிலோவுக்கும் மேல். பதுங்குகுழிச் சண்டைக்காக அதன் முனையில் பொருத்தச் சிறு பயனெட் ஒன்றைக்கூட அக்காலத்தில் விற்றிருக்கிறார்கள். கைத்துப்பாக்கி ஈட்டியாக முயன்ற வேடிக்கை அது.

இவற்றில் மாறாமல் நின்றது குழலின் விட்டம்: .455, அதாவது அங்குலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து புறப்படும் ஈயக்குண்டின் எடை ஏறத்தாழ 17 கிராம். வேகம் குறைவு, ஒலியின் வேகத்தில் பாதியைச் சற்றே தாண்டும். விரைந்து துளைத்து வெளியேறும் குண்டன்று அது; மெல்ல வந்து கனமாக மோதும் குண்டு. ஏன் இவ்வளவு கனம்? துப்பாக்கி ஆர்வலர்களின் நூல்களில் இதற்கு விடையாக ஒரு தொடர் திரும்பத் திரும்ப வரும்: நிறுத்தும் ஆற்றல். பாய்ந்து வருபவனை அந்த இடத்திலேயே நிறுத்தும் ஆற்றல் என்று பொருள். பாய்ந்து வருபவன் யார் என்பதை அந்நூல்கள் பெரும்பாலும் விரித்துச் சொல்வதில்லை.

விரித்துச் சொன்னவர்கள் உண்டு. 1895இல் சித்ரால் படையெடுப்பில் புதிய சிறுவிட்ட ரைபிள் குண்டு எல்லைப்புறப் பழங்குடியினரைத் துளைத்துச் சென்றதே தவிரத் தடுத்து நிறுத்தவில்லை என்று அதிகாரிகள் குறைபட்டுக்கொண்டனர். அடுத்த ஆண்டே கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் முனையுறை நீக்கிய குண்டு உருவாயிற்று. உடலுக்குள் நுழைந்ததும் விரிந்து சிதைக்கும் குண்டு. ஓர் இந்திய ஊரின் பெயர் உலக மொழிகளில் எல்லாம் இவ்வகைக் குண்டுக்குப் பெயராக நிலைத்த கதை அது. கைத்துப்பாக்கிக்கும் அதே சிந்தனை இறங்கியது. 1898இல் .455 ரிவால்வருக்கு மார்க் 3 என்னும் புதிய தோட்டா வந்தது. குண்டின் இரு முனைகளும் குடையப்பட்டவை. அதற்கு வழங்கிய பெயரே ‘ஆள்நிறுத்தி’ என்று பொருள்படுவது. காவல்படைகளும் குடியேற்ற நாட்டுப் படைகளும் பயன்படுத்துவதற்கென்றே அது செய்யப்பட்டது.

1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு விரியும் குண்டுகளைத் தடைசெய்ய முனைந்தபோது பிரிட்டனின் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா எழுந்து வாதாடினார். நாகரிக நாட்டுப் போர்வீரன் சிறு குண்டு பட்டதும் காயமுற்றோம் என்று உணர்ந்து விலகிவிடுவான். காட்டுமிராண்டியோ பலமுறை துளைக்கப்பட்டும் பாய்ந்து வந்துகொண்டே இருப்பான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். மாநாடு அதை ஏற்கவில்லை. ஆள்நிறுத்தித் தோட்டாவும் 1900இல் படையிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் அந்த வாதம் பதிவாகிவிட்டது. பெரிய குழல் யார் பொருட்டு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உரை வேறு வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸில் மோரோ மக்களோடு போரிட்ட அமெரிக்கர்களும் தம் .38 ரிவால்வர் போதவில்லையென்று .45க்குத் திரும்பினார்கள். 1904இல் சிகாகோ இறைச்சிக்கூடத்து மாடுகளையும் மனிதப் பிணங்களையும் சுட்டுப் பார்த்து எந்த விட்டம் தகும் என்று ஆராய்ந்தார்கள். கடல்கள் வேறு, அச்சம் ஒன்று.

இனிப் பிற்காலத்து வடிவம். முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு .455ஐக் கைவிட எண்ணியது. காரணம், கருணை பெருகியதென்பதன்று. போர்க்காலத்தில் குமாஸ்தாக்களையும் கடைச்சிப்பந்திகளையும் சில வாரப் பயிற்சியில் அதிகாரிகளாக்கி அனுப்பியபோது, அந்தக் கனத்த துப்பாக்கியின் உதைப்பைத் தாங்கிக் குறிபார்க்க அவர்களால் இயலவில்லை. எளிதில் பழகக்கூடிய ஒன்று தேவைப்பட்டது. .38 விட்டத்தில் 13 கிராம் குண்டு. நிறுத்தும் ஆற்றல் ஏறத்தாழ அதேதான் என்று தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டார்கள். வெப்லி நிறுவனம் தன் மார்க் 4 என்ற .38 வடிவத்தை அரசிடம் காட்டியது. (பழைய .455 வரிசையிலும் ஒரு மார்க் 4 உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. எண்ணிடுவதில் ஆங்கிலேயர் நம் ஏட்டுச்சுவடிக் குறிப்புகளைவிடக் கொடியவர்கள்.) அரசோ அந்த வடிவத்தைத் தன் சொந்தத் தொழிற்சாலையான என்ஃபீல்டுக்குக் கொண்டுபோய் மாற்றங்களோடு தானே செய்யத் தொடங்கிவிட்டது. வெப்லி வழக்குத் தொடுத்துத் தோற்று, பின்னர் அரச ஆணையம் ஒன்றின் தயவில் 1,250 பவுண்டு பெற்றது. உலகத்தையே துப்பாக்கி முனையில் பறித்த பேரரசு, தன் துப்பாக்கிக்காரனிடமும் பறித்தது என்பதில் எனக்கொரு சிறு திருப்தி, மறைப்பானேன்.

இந்த என்ஃபீல்டு எண் 2 ரிவால்வர் முக்கால் கிலோ எடையுள்ளது. 1938இல் அதன் சுத்தியலின் கொம்பையும் அகற்றிவிட்டார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது கொம்பு எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். கொம்பு போனதால் சுத்தியலை முன்கூட்டி இழுத்து வைத்து நிதானமாகக் குறிபார்க்கும் வழியும் போயிற்று. விசையை ஒவ்வொரு முறையும் முழுபலத்தோடு இழுத்தாக வேண்டும். பழைய வடிவம் குறிபார்ப்பவனுக்கு இடம் வைத்திருந்தது. புதிய வடிவம் அவசரக்காரனை மட்டுமே கருதியது. .455 வடிவங்கள் 1947இல் படையிலிருந்து ஓய்வுபெற்றன. ஆண்டைக் கவனிக்கவும், இதுவும் தற்செயல்தான்.

எது சிறந்தது என்ற வாதம் ஆர்வலர்களிடையே ஓயாதது. பொறி என்ற அளவில் ஆறாம் வடிவத்து வெப்லியே உயர்ந்தது என்று நானும் கருதுகிறேன். சேற்றிலும் மணலிலும் சிக்காமல் உழைத்தது. ஒவ்வொரு பாகமும் தன் காரியத்தை அறிந்திருந்தது. என்ஃபீல்டு சிக்கனத்தின் குழந்தை. ஆனால் அந்த மதிப்பீட்டோடு நின்றுவிடுவது, தொண்டைமானின் படைக்கொட்டிலைச் சுற்றிப்பார்த்துவிட்டு வியந்து திரும்புவதற்குச் சமம். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார் அங்கே என்ன செய்தார் என்பதைப் புறநானூறு வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நெய் பூசி மயிற்பீலி சூட்டிக் காவலோடு வைத்த வேல்களைப் பார்த்தவர், எங்கள் தலைவனுடையவை கொல்லன் பட்டறையில் முறிந்து கிடக்கின்றன என்றார். ஆயுதத்தை அதன் பளபளப்பைக் கொண்டு அளவாதே, அது எதன்மேல் பட்டது என்று கேள் என்பதுதான் அங்கே ஒளிந்திருக்கும் குத்தல். ஏலத்தில் பழுதில்லாத வெப்லிக்கு மட்டும் விலையேற்றும் சேகரிப்பாளர்களிடம் ஔவையார் பேசினால் என்ன பேசுவாரென்று எண்ணிப்பார்ப்பதுண்டு.

நம் பக்கத்து வரலாற்றுக்கு வருவோம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையிலிருந்தது ரிவால்வரன்று. பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. அதில் சுழலும் உருளை கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கில் இருக்கும். மேடைநாடகத்திலும் மாணவர் கட்டுரைகளிலும் அதுவும் ரிவால்வராகிவிடுகிறது. இது வெறும் பெயர்ப்பிழை என்று தள்ளத்தக்கதா? அன்றைய பிரிட்டிஷ் படையதிகாரி இடுப்பு உறையில் வெளிப்படையாகத் தொங்கவிட்ட .455 வெப்லியின் உருளை புடைத்துக்கொண்டு நிற்கும். தொங்கவிடுவதே அதன் பாதிப் பயன். பார்ப்பவன் பார்த்தாக வேண்டும். வாஞ்சிக்கோ தட்டையான, மேலாடைக்குள் அடங்குகிற, புதிய நூற்றாண்டின் ஆயுதம் தேவைப்பட்டது. 1909இல் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டதும் பிரவுனிங்தான். 1914இல் கல்கத்தாவில் ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து வங்கப் புரட்சியாளர் கடத்திய ஐம்பதும் மௌசர் தானியங்கிகள். ஆண்டவர்கள் பழைய, கனத்த வடிவத்தைத் தாங்கி நிற்க, எதிர்த்தவர்கள் அடுத்த தலைமுறைக் கருவியோடு வந்தார்கள். வாஞ்சியின் கையில் நாவலாசிரியர் ரிவால்வரைத் திணிக்கும்போது இந்த முரண் முழுதும் அழிந்துபோகிறது.

அதைவிட முக்கியமாக அழிவது சட்டத்தின் வரலாறு. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பின் 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நாடு முழுமைக்குமான ஆயுதச் சட்டம் 1878இல் வந்தது. இந்தியனுக்கு உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விதிகளின்வழி விலக்கு உண்டு. ஒரு தேசத்தையே ஆயுதமற்றதாக்கிய இச்சட்டத்தை வரலாறு பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கரிய செயலாகக் கருதும் என்று எழுதியவர், எல்லாரையும்விட நாம் எதிர்பார்க்காத ஒருவர்: கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள்சேர்க்கும் துண்டறிக்கையில், 1918இல், காந்தி. இச்சூழலில், மதுரைச் சமவெளியின் ஏதோவொரு கிராமத்தில் ஒரு கதாபாத்திரத்தின் கையில் .455 வந்துசேர்ந்தால் அது சாதாரணச் செய்தியாகாது. பிரிட்டிஷ் அதிகாரிகள் தம் துப்பாக்கியைச் சொந்தப் பணத்திலேயே வாங்கினார்கள். எந்த நிறுவனத்தின் எந்த வடிவத்தையும் வாங்கலாம். அரசின் தோட்டாவை அது ஏற்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆக, அந்த விட்டமே அரசாங்க முத்திரை.

விடுதலைக்குப் பிறகும் அம்முத்திரை அழியவில்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1962 விதிகளின் அட்டவணை, படைத்துறைத் தோட்டாக்களான .380, .455, 9 மி.மீ., .45 ஆகியவற்றை ஏற்கும் கைத்துப்பாக்கிகளைத் தனி வகையாகப் பிரித்து நிறுத்தியது. வெள்ளையன் விட்டுச்சென்ற பெரிய குழல்களை நம் அரசும் தனக்கென வைத்துக்கொண்டது. குடிமகனுக்குக் கிடைத்தது .32. கான்பூர் அரசு ஆயுதச்சாலை பல ஆண்டுகள் செய்துவந்த .32 ரிவால்வரை எடுத்துப் பார்த்தால் வெப்லியின் .38 மார்க் 4 வடிவமேதான். அதே கொக்கி, அதே முறிவு. குண்டு மட்டும் ஆறு கிராமளவுக்கு இளைத்துவிட்டது. 17, 13, 6. இந்த இறங்குவரிசையை ஆயுதத்தின் பரிணாமம் என்று வாசிப்பவர்கள் வாசிக்கட்டும். அஞ்சப்படுபவன் மாறினான், ஏந்துபவன் மாறினான், கடைசியில் அனுமதி கேட்டு நிற்பவன் கைக்கு வந்தது என்றுதான் எனக்குப் படிக்க வருகிறது.

2014இல் கான்பூரிலிருந்து ‘நிர்பீக்’ என்ற பெயரில் அரைக்கிலோ எடையில் பெண்களுக்கான .32 ரிவால்வர் ஒன்றை வெளியிட்டார்கள். 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமையின் நினைவில் இட்ட பெயர். விலை ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேல். பேருந்தில் வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணை மனத்தில் வைத்து இந்த விலையை நிர்ணயித்தார்களோ தெரியவில்லை. 2023இல் வந்த ‘பிரபல்’ என்னும் வடிவத்தில்தான் வெப்லியின் முறிவமைப்பு கைவிடப்பட்டு, உருளை பக்கவாட்டில் வெளியே வருமாறு ஆயிற்று. இதற்கிடையே 2020இல் அந்தப் பர்மிங்காம் வெப்லியின் பெயரே உத்தரப்பிரதேசத்து ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவுக்கு வந்து, உள்ளூர்க் கூட்டாளியோடு சேர்ந்து .32 ரிவால்வர் செய்யத் தொடங்கிவிட்டது. ஆள்நிறுத்தி செய்த குலத்தின் கடைசிப் பதிப்பு, நமக்கு அனுமதிக்கப்பட்ட அளவில், நம் மண்ணிலேயே அச்சாகிறது.

எண்களும் ஏமாற்றும் என்பதற்கு ஒன்று சொல்லவேண்டும். காந்தியைக் கொன்ற பெரெட்டா, 1934ஆம் ஆண்டு வடிவத்து இத்தாலியத் தானியங்கி. அதன் தோட்டாவை இத்தாலியர் குட்டை 9 மி.மீ. என்பர், அமெரிக்கர்.380 என்பர். பிரிட்டிஷ் .38 ரிவால்வரின் தோட்டாவுக்கும் .380 என்றே பெயர். ஆனால் அது விளிம்புள்ள, முற்றிலும் வேறான தோட்டா. ஒன்று மற்றொன்றில் பயன்படாது. ஒரே எண்ணைக் கண்டு இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர், கோட்சேயின் கையிலும் ரிவால்வரை வைத்துவிடக் கூடும். நம் தமுக்கம் காந்தி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையில் அந்த இரத்தக்கறைத் துணி இருக்கிறது. அதன் முன் மாணவர்களை அழைத்துச் சென்று நிற்கும்போதாவது எந்தக் கருவியால் நேர்ந்தது என்பதைச் சரியாகச் சொல்லிவிடுவது நல்லது.

நாவலாசிரியர்கள் ஆயுத நிபுணர்களாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பர்மாவில் யானையைச் சுட்ட அனுபவத்தை 1936இல் எழுதிய ஆர்வெல், கையிலிருந்த பழைய .44 வின்செஸ்டர் யானைக்குப் போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். அந்த ஒரு எண்ணால்தான் பின்னர் பெரிய ரைபிளை ஆள் அனுப்பி வாங்க நேர்கிறது. அதை வாங்கியதால்தான் கூட்டம் திரள்கிறது. கூட்டம் திரண்டதால்தான் சுட வேண்டியதாகிறது. குழலின் விட்டம் அங்கே கதையின் அச்சாணி. நம்மிடம் அதற்கிணையான இடங்கள் எத்தனையோ உண்டு. 1930இல் மதுரை மேலமாசி வீதியில் ஒரு வக்கீல் குமாஸ்தா வீட்டு அரிசிப்பானைக்குள்ளிருந்து .455 தோட்டா ஒன்றை அவர் மனைவி எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது யாரிடமிருந்து, எந்த வழியாக அந்தப் பானைக்குள் வந்தது என்பதிலேயே பாதி நாவல் இருக்கிறது.